தலைக்குறிப்பு யாருக்குச் சொந்தம்?

நீதிமன்றத் தீர்ப்பில் எவருக்கும் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1834-ஆம் ஆண்டிலேயே வீட்டன் – பீட்டர்ஸ் வழக்கில் தீர்மானித்துவிட்டது. ஆயினும் அத்தீர்ப்புகளுள் தம் கட்சிக்காரருக்கு அநுகூலமானதைக் கண்டெடுக்க விரும்பிய வழக்கறிஞர், மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் ஜான் வெஸ்ட் என்பவர் நிறுவிய பிரசுராலயத்தின் தொகுதிகளையே தலைமுறை தலைமுறையாக நாடவேண்டியிருந்தது. ஒவ்வொரு தீர்ப்பின் சாரத்தையும் சில வரித் தலைக்குறிப்புகளாக வடித்து, பொருள்வாரியாக எண்ணிட்டு வரிசைப்படுத்தும் பிரயாசையை அந்த ஸ்தாபனமே மேற்கொண்டிருந்தது. வெஸ்ட்லா என்ற பெயரில் கணினிக்குள் புகுந்துவிட்ட அச்சேமநிதி, இன்று தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் உடைமை.

இந்த ஏகபோகத்துக்கு மாற்றாக, டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 2014-இல் இளைஞர் மூவர் தொடங்கிய நிறுவனம்தான் ராஸ் இன்டெலிஜென்ஸ். வழக்கறிஞர் சாதாரண ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விக்கு, பொருத்தமான தீர்ப்பின் பகுதியையே விடையாக எடுத்துக் காட்டும் யந்திரத்தை அவர்கள் சமைத்தார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் துணையோடு அது திவால் சட்டத்தில் முதலில் தேர்ச்சி பெற்றது. 2016-இல் பேக்கர்ஹாஸ்டெட்லர் என்ற பெரிய வழக்கறிஞர் குழாம் அதனை அமர்த்திக்கொண்டபோது, பத்திரிகைகள் ரோபோ வழக்கறிஞர் வந்துவிட்டதாகவே எழுதின. தேடித் தரும் குமாஸ்தாவுக்குச் சூட்டப்பட்ட பெரும் பட்டந்தான் அது.

யந்திரத்தைப் பழக்குவதற்குக் கேள்வியும் தக்க விடையும் ஏராளமாக வேண்டும். வெஸ்ட்லாவின் உரிமத்தைக் கேட்டபோது, போட்டியாளருக்குத் தருவதற்கில்லை என்று மறுக்கப்படவே, லீகல்ஈஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் வாயிலாக, வழக்கறிஞர்களைக் கொண்டு சுமார் 25,000 வினா விடைக் குறிப்புகளை ராஸ் தயாரித்துக்கொண்டது. அவ்வினாக்களுள் பல, வெஸ்ட்லாவின் தலைக்குறிப்புகளைப் பார்த்து எழுதப்பட்டவை. 2020 மே மாதம் தாம்சன் ராய்ட்டர்ஸ் டெலவேரில் வழக்குத் தொடுத்தது. வழக்கு முடியும்வரை புதிய முதலீட்டுக்கு வழியின்றி, 2021 ஜனவரியில் ராஸ் தன் சேவையை நிறுத்திவிட்டது.

இவ்வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்டெஃபனோஸ் பிபாஸ், ஜூரிகளிடம் விட்டுவிடலாம் என்று 2023-இல் தாம் கொண்ட கருத்தைத் தாமே மாற்றிக்கொண்டு, 2025 பிப்ரவரியில் 2,243 தலைக்குறிப்புகளின் உரிமை மீறப்பட்டதென்றும், சந்தையில் மூலத்துக்கே போட்டியாக அமைந்த இச்செயலை நியாயமான உபயோகம் என்ற விதி காப்பாற்றாதென்றும் தீர்ப்பளித்தார். தீர்ப்பின் வாசகத்தைவிட்டு விலகி, தலைக்குறிப்பின் வாசகத்தையே ஒட்டியிருந்தவற்றை மட்டும் அவர் கணக்கில் கொண்டார் என்பதைச் சொல்லியாகவேண்டும். பதிப்பாசிரியரின் தேர்வுக்கு மதிப்புண்டு என்பது நமக்கும் புதிதன்று. ஈஸ்டர்ன் புக் கம்பெனி – மோடக் வழக்கில் நம் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய அதே திசையில்தான் நடந்தது. ஆனால் ராஸ் தன் வாடிக்கையாளருக்குக் காட்டியது தலைக்குறிப்பையன்று, பொதுச்சொத்தாகிய தீர்ப்பையே. படித்துத் தெரிந்துகொள்வதற்கும் படித்ததை விற்பதற்கும் உள்ள பேதத்தைத் தீர்ப்பு போதுமான அளவு எடைபோடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தலைக்குறிப்புகள் சுயமான படைப்புகள்தாமா, அவற்றைப் பயன்படுத்தியது நியாயமா என்ற இரு கேள்விகளையும், வழக்கு முடிவதற்கு முன்னரே பரிசீலிக்க மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூனில் இசைந்தது. தாமாகவே வாக்கியம் புனையும் இன்றைய யந்திரங்களைப் பற்றித் தாம் ஏதும் கூறவில்லையென்று பிபாஸ் வெளிப்படையாகவே எழுதியிருந்தும், அவற்றைச் செய்வோரும் அவற்றின்மீது வழக்குத் தொடுத்திருப்போரும் அந்த மேல்முறையீட்டின்மேல் கண் வைத்திருக்கிறார்கள்.