காலையில் இரத்தச் சர்க்கரை உயர்ந்திருப்பது ஏன்?

இரவு உணவுக்குப் பின் எதையும் உண்ணாமல் உறங்கி எழுந்தும், காலையில் இரத்தச் சர்க்கரை உயர்ந்திருப்பது நீரிழிவு நோயாளிகள் பலருக்கு வியப்பளிக்கிறது. கருவுற்றிராத பெரியவர்களில் பெரும்பாலோருக்கு, வெறும் வயிற்றில் இவ்வளவு 80 முதல் 130 மி.கி./டெ.லி. வரை இருத்தல் நன்று.

காரணங்கள்

● விடியல் உயர்வு: அதிகாலை 3 மணி முதல் 8 மணிக்குள் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் முதலியவை மிகுதியாகச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் குளுக்கோஸை வெளியிடுகிறது. நீரிழிவு உள்ளவர்களின் இன்சுலின் இதனை ஈடுசெய்யப் போதுவதில்லை.

● மருந்தின் ஆற்றல் குறைதல்: முந்தைய நாள் எடுத்த மாத்திரை அல்லது இன்சுலினின் பயன் விடியுமுன் தீர்ந்துவிடலாம்.

● இரவு உணவு: ஓரிக்கை போன்ற நெசவாளர் குடியிருப்புகளில், குழித்தறியில் நெடுநேரம் அமர்ந்து நெய்துவிட்டு, காலந்தாழ்த்தி மிகுதியாக உண்டு உடனே உறங்குவோருக்குச் சர்க்கரை இரவு முழுவதும் உயர்ந்தே இருக்கக்கூடும்.

● இரவுத் தாழ்சர்க்கரை: உறக்கத்தில் சர்க்கரை மிகவும் குறைந்தால், உடல் அதனை மீட்க முயன்று அளவை உயர்த்தலாம். இது ‘சோமோஜி விளைவு’ எனப்படும், அரிதாகவே நிகழ்கிறது.

கண்டறிவது எவ்வாறு?

சில நாள்கள் உறங்கும் முன்பும், இரவு 3 மணியளவிலும், எழுந்தவுடனும் குளுக்கோமீட்டரால் சோதித்துக் குறித்து வையுங்கள்.

● உறங்கும் முன்பே உயர்ந்திருந்தால்: உணவையோ மருந்தையோ சீர்செய்ய வேண்டியிருக்கலாம்.
● 3 மணிக்கு இயல்பாக இருந்து காலையில் உயர்ந்தால்: விடியல் உயர்வு அல்லது மருந்தின் ஆற்றல் குறைவு.
● 3 மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால்: தாழ்சர்க்கரை.

காலை அளவை மட்டும் கண்டு நீங்களாகவே மருந்தைக் கூட்டாதீர்கள். தாழ்சர்க்கரை உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகும்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

உறக்கத்தில் மிகுந்த வியர்வை, நடுக்கம், உளறல், காலையில் தலைவலி ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகளாகலாம். அளவு 70-க்குக் கீழே இருந்து, நோயாளி விழிப்புடன் இருப்பின், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்திருப்பின் வாயில் எதுவும் புகட்டாமல், 108-ஐ அழையுங்கள்.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் குறிப்பேட்டைக் காட்டுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெறுவோர், வருகை தரும் பணியாளரிடமும் இதனைத் தெரிவிக்கலாம்.