வெப்பநிலை உணரி இயக்கியில் குறிப் பிழை

குறிப் பிழை என்பது, உணரி அனுப்பும் குறை எண்ணை இயக்கி மென்பொருள் மிகை எண்ணாகப் படிப்பதாகும். டிஎஸ்18பி20 உணரி 1/16 டிகிரி செல்சியஸை அலகாகக் கொண்டு 16 பிட் எண்ணைத் தருகிறது. −0.5 டிகிரி என்பது −8 அலகு. இரண்டின் நிரப்பி முறையில் இது 65528 ஆகும். இதைக் குறியற்ற எண்ணாகக் கொண்டு 16-ஆல் வகுத்தால் 4095.5 டிகிரி வரும்.

போடிநாயக்கனூர்ச் சமவெளியில் உறைபனி இல்லாததால் இப்பிழை வெளிப்படாது. குரங்கணிக்கு மேலே மூணாறு பகுதியில், பனிக்கால இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்போது வெளிப்படும். 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் காட்டுத்தீ பல உயிர்களைப் பறித்தது. இத்தகைய மலைகளில் பனி இரவில் தீ எச்சரிக்கை ஒலித்தால், மெய்யான எச்சரிக்கையும் நம்பிக்கை இழக்கும்.

பொருந்தாத அளவை நீக்கிவிடுவது தீர்வன்று. உறைபனியும் பதிவாகாமல் போகும். மதிப்பு 32767-ஐ விட மிகுந்தால் 65536-ஐக் கழிக்க வேண்டும். 65528 − 65536 = −8; 16-ஆல் வகுக்க −0.5 கிடைக்கும்.