கடலோரம் ஒரு வெள்ளை வளைவு

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளைப் பொம்மை காட்டி ஏமாற்ற முடியாது. பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். அடையாறுக்குப் பக்கம்தான். மாலை 4 மணிக்குப் புறப்பட்டால் போதும்.

மணலில் தன்னந்தனியாக ஒரு வெள்ளைக் கட்டிடம் நிற்கும். கதவு இல்லை. நடுவில் வளைவு மட்டும். "இது என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்!

யார் இந்த ஷ்மிட்?

டென்மார்க் நாட்டுக்காரர் ஷ்மிட். 1930-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி, பிறர் உயிரைக் காக்க உதவியபோது இந்தக் கடலில் மூழ்கி இறந்தார். அவர் நினைவாக எழுந்ததே இந்த வளைவு. அங்குள்ள கல்வெட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளைகளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பெருமையாகப் படிப்பார்கள்!

அங்கேயே இதையும் சொல்லி வையுங்கள். கரைக்கு வந்த அலைநீர் திரும்பும்போது, சில இடங்களில் ஆறு போல ஓடி ஆளை இழுக்கும். எதிர்த்து நீந்தினால் நல்ல நீச்சல்காரரும் களைத்துப் போவார். கரையை ஒட்டிப் பக்கவாட்டில் நீந்தித்தான் தப்ப வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளைக்கா? கணுக்கால் நனைந்தால் போதும்.

பிறகென்ன, சுண்டல்! சுட்ட சோளக்கதிரும் உண்டு. எலுமிச்சம்பழமும் மிளகாய்ப் பொடியும் தடவித் தருவார்கள். 7 மணிக்கு வீடு திரும்பிவிடலாம்.