மூவரில் இருவர் விற்கச் சொன்னால் கடை கைமாறுமா?

மூன்று பேர் கூட்டாக நடத்தும் பேக்கரி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இருவர் முதல் போட்டவர்கள். மூன்றாமவர் மாஸ்டர், உழைப்பைப் போட்டுப் பங்குக்கு வந்தவர். 30 லட்சத்துக்குக் கடையை எடுத்துக்கொள்ள ஆள் வந்தாயிற்று. முதல் போட்டவர்கள் தயார், மாஸ்டர் மட்டும் கையெழுத்துப் போட மறுக்கிறார். மூன்றுக்கு இரண்டு போதாதா?

போதாது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் அன்றாட விவகாரங்களில்தான் பெரும்பான்மைக்கு இடம் கொடுக்கிறது: மைதா யாரிடம் வாங்குவது, தீபாவளிக்கு எத்தனை ஆள் கூடுதலாகப் போடுவது போன்றவை. தொழிலின் தன்மையே மாறுவதென்றால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஃபர்முக்குச் சொந்தமான கட்டடத்தை ஒரு கூட்டாளி தன்னிச்சையாக விற்கவும் 19ஆம் பிரிவு விடாது. கூட்டாண்மைப் பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதன்படி நடக்கலாம். ஆனால் நம் ஊர் பார்ட்னர்ஷிப் டீட் பலவும் வங்கியில் கணக்குத் தொடங்குவதற்காக எடுத்த அச்சுப் பிரதிதான். பெயரும் விகிதமும் மட்டும் மாறியிருக்கும். (பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கதையே வேறு. அங்கே எண்ணுவது தலைகளை அல்ல, பங்குகளை.)

மறுப்பவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். லாபத்தில் மூவருக்கும் சம பங்கு; ஆகவே தலைக்கு 10 லட்சம் வரும் என்று மாஸ்டர் நினைத்திருப்பார். 48ஆம் பிரிவு அப்படிப் பிரிக்காது. முதலில் வெளிக்கடன்: வங்கிக்கும் சரக்குக்காரருக்கும் 10 லட்சம். அடுத்து, ஒரு கூட்டாளி முதலுக்கு மேல் கைமாற்றாகத் தந்த 2 லட்சம். அதற்கடுத்து, போட்ட முதல் 12 லட்சம். மிச்சம் 6 லட்சம்தான் லாப விகிதத்தில் பிரியும். மாஸ்டர் கையில் 2 லட்சம். மாதாமாதம் வந்த வருமானமும் நின்றுவிடும். இதற்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? விலை பேச உட்காருவதற்கு முன்பே ஆடிட்டரிடம் இந்தக் கணக்கை எழுதி வாங்கி மூவரும் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

மாஸ்டர் கையிலும் ஒரு துருப்பு உண்டு. கூட்டு கலைந்து குட்வில் விற்கப்பட்டாலும் அவர் எதிர்ச்சாரியிலேயே புதுக்கடை போடலாம். 55ஆம் பிரிவு அதைத் தடுக்கவில்லை. பழைய பெயரைப் பயன்படுத்தக் கூடாது, பழைய வாடிக்கையாளரைக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான். குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள் போட்டிக்கடை வைக்க மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் வாங்குபவர் நிம்மதியாகப் பணம் கட்டுவார். அந்த எழுத்துக்குத் தனியாக ஒரு தொகை பேசுவது நியாயமே.

விற்றே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இருக்க விரும்புபவர் விலக விரும்புபவரின் பங்கைத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். பத்திரத்தில் காலவரையோ முடிவு பற்றிய விதியோ இல்லையென்றால், கூட்டைக் கலைக்க எழுத்துமூல நோட்டீஸ் ஒன்றே போதும். அதுவும் முடியாதபோது 44ஆம் பிரிவின்படி நீதிமன்றம் போகலாம். ஆனால் வழக்கு முடியும்வரை அடுப்பு எரியுமா என்பதையும் யோசிக்க வேண்டும். விலகியவருக்குக் கணக்கு முடிக்காமல் மற்றவர்கள் கடையைத் தொடர்ந்து நடத்தினால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவர் தன் பங்குக்கு உரிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம். எது என்பது அவர் விருப்பம்.

பணம் கைக்கு வந்ததும் பலர் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. பொது அறிவிப்பு வெளியாகும்வரை, விலகியவர் இன்னும் கூட்டாளி என்று நம்பிக் கடன் கொடுத்தவர் அவரையும் கேட்க முடியும். பதிவான ஃபர்ம் என்றால் பதிவாளருக்கும் தகவல் போக வேண்டும், அரசிதழிலும் வர வேண்டும். கடை இருக்கும் மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும்.