கோபக் கோடும் சாயக் கறையும் – புதிதாகக் 'கோச்' ஆகிறவர்களுக்கு

எங்கள் சந்திரகிரி, திருப்பதிப் பக்கத்தில் 'கோச்சிங்' என்றால் நீட் கோச்சிங், இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வுக் கோச்சிங் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் நம்ம தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலர் நல்ல சம்பள வேலையை விட்டுவிட்டு 'லைஃப் கோச்', 'கேரியர் கோச்' என்று பலகை மாட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். வந்தவரிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு, அவர் போகவேண்டிய வழியை அவரே கண்டுகொள்ளத் துணை நிற்பது இந்தத் தொழில். டென்னிஸ் கற்றுக்கொடுத்த டிமோதி கால்வே என்னும் அமெரிக்கர் 1974-இல் எழுதிய 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' என்ற நூல் இதற்கு ஒரு வித்து. 1995-இல் இதற்கென்றே ஒரு சர்வதேச அமைப்பும் ஏற்பட்டு, சான்றிதழ் முறையும் வந்துவிட்டது.

இத்தொழிலில் சரக்கு கிடையாது, குடோன் கிடையாது. முதல் என்பது மனசுதான். ஆகவே எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்கிறார்கள். உணர்வு நுண்ணறிவு என்று தமிழில் சொல்லலாம். பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரு உளவியலாளர்கள் 1990-இல் இதை விளக்கி எழுதினர். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதை உலகெங்கும் கொண்டுபோனது. உணர்வை அடையாளம் காணுதல், சிந்தனைக்குப் பயன்படுத்துதல், அதன் போக்கைப் புரிந்துகொள்ளுதல், அதை நிர்வகித்தல் என முதலிருவரும் நான்கு திறன்களாகப் பிரிப்பர்.

முதல் திறனில் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. இரண்டு மொழிக்கு நடுவில் பிழைக்கிறவர்கள் நாம். "சூஸ்தாமண்டி" என்று ஒருவர் சொன்னால் அது 'பார்ப்போம்' என்பதா, 'வேண்டாம்' என்பதா என்று கடையில் உட்கார்ந்த பையனுக்குத் தெரியும். "பரவாலேது" என்ற ஒரே சொல்லில் திருப்தியும் இருக்கும், மனத்தாங்கலும் இருக்கும். சென்னைப்பட்டினத்துக்கு வித்திட்ட 1639-ஆம் ஆண்டுச் சாசனத்தைத் தந்த தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கர், சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர மன்னருக்குக் கீழ்ப்பட்டவர். அந்தப் பேச்சுவார்த்தையில் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயருக்குத் துபாஷியாக இருந்தவர் பேரி திம்மப்பா. துபாஷி என்றால் இரு பாஷைக்காரர். வெறும் சொல்லை மட்டும் மாற்றிச் சொல்கிறவர் அந்த வேலையில் நிலைத்திருக்க முடியாது.

ஆக, அடுத்தவர் மனதைப் படிப்பது நமக்கு வந்துவிடும். வராதது தன் மனதைப் படிப்பது. வீட்டு வாடகையும் கடன் தவணையும் கழுத்தைப் பிடிக்கும்போது, எதிரே இருப்பவர் பேசுவது புதிய கோச்சின் காதில் பாதிதான் விழும். மீதிப் பாதியில் 'இவர் அடுத்த மாதமும் வருவாரா' என்ற கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்குச் சமண நூல்கள் நல்ல அளவுகோல் ஒன்று வைத்திருக்கின்றன. உயிரைக் கறைப்படுத்துபவை குரோதம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு. அதாவது சினம், செருக்கு, வஞ்சம், பேராசை. இவற்றுக்குக் கஷாயம் என்று பெயர். ஜுரத்துக்குக் குடிக்கிற அதே சொல்தான். துவர்ப்பு, சாயம் என்றெல்லாம் பொருள்படும். பத்தாம் நூற்றாண்டில், சிரவணபெளகொள கோமடேசுவரர் சிலையை நிறுவிய சாமுண்டராயர் காலத்தில், ஆசாரியர் நேமிசந்திரர் பிராகிருதத்தில் இயற்றிய 'கோம்மடசாரம்' ஒவ்வொன்றையும் நான்கு தரமாக்குகிறது. சினத்துக்குக் கல்லில் போட்ட கோடு, மண்ணில் போட்ட கோடு, புழுதியில் போட்ட கோடு, தண்ணீரில் போட்ட கோடு. ஆசைக்கோ சாயக் கணக்கு: அரக்குச் சாயம், வண்டி அச்சின் மை, உடம்பு அழுக்கு, மஞ்சள். துணி விற்கிறவனுக்கு இது சட்டென்று விளங்கும். மஞ்சள் கறை வெயிலில் உலர்த்தினால் வெளுத்துவிடும், அரக்குச் சாயம் துணி கிழிந்தாலும் போகாது.

இன்னும் விசேஷம், காலக்கணக்கும் உண்டு. மிக மெல்லிய கஷாயத்தின் வாசனை ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிஷத்துக்குள் அடங்கும். அடுத்தது ஒரு பட்சம். அதற்கடுத்தது ஆறு மாதம். அதையும் தாண்டினால் பிறவி பிறவியாகத் தொடரும் என்பர். கோபமே வரக்கூடாது என்று உபதேசிப்பதைவிட, வந்தது எத்தனை நேரம் நின்றது என்று எண்ணச் சொல்வது எனக்கு உத்தமமாகப் படுகிறது. எண்ணுவது வியாபாரிக்குக் கைவந்த கலையல்லவா!

கோச்சின் தொழிலில் நான்கும் எங்கே வருகின்றன? குறித்த நேரத்துக்கு ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை: சினம். "பீஸைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்களேன்" என்று கேட்டதும் 'என் தகுதி என்ன' என்று பொங்குவது செருக்கு; நாலு பேர் புகழ்ந்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் பண்ணுவதும் அதுவே. எல்லா இடமும் காலியாக இருக்க, "இன்னும் இரண்டே இடம்" என்று விளம்பரம் கொடுப்பது மாயை. இது இன்று வெகு சகஜமாகிவிட்டது என்பதற்காக அதன் பெயர் மாறிவிடாது.

உலோபம்தான் பெரிய ஆபத்து. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். அவருக்கு வேண்டியது மனநல மருத்துவர். பத்து வாரப் பேக்கேஜில் இன்னும் ஏழு வாரம் பாக்கி இருக்கிறதே என்று கோச் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டால் உயிருக்கே கேடாக முடியலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், கட்டணமில்லை. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. இந்த விவரங்களைக் கோச் மேஜைமேல் எழுதி வைத்திருக்க வேண்டும். 'இது என் வேலைக்கு அப்பாற்பட்டது' என்று முதல் நாளே சொல்ல வாய் வருவதும் உணர்வு நுண்ணறிவில் சேர்ந்ததே.

பணப் பேச்சையும் முதல் நாளே எழுத்தில் முடித்துவிடுவது நல்லது: எத்தனை சந்திப்பு, எவ்வளவு தொகை, நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று. பிறகு பேச்சு நடக்கும்போது மனசு கல்லாப்பெட்டிப் பக்கம் அடிக்கடி போகாது.

சமணர் வீடுகளில் பிரதிக்கிரமணம் என்று ஒன்று உண்டு. அன்றன்று செய்த குற்றங்களைத் தாமே நினைத்துப் பார்த்துத் திரும்பும் சடங்கு அது. பட்சத்துக்கு ஒருமுறை, நாலு மாதத்துக்கு ஒருமுறை, வருஷத்துக்கு ஒருமுறை என்றும் செய்வார்கள். இதையே கோச் ஒரு நாற்பது பக்க நோட்டில் செய்யலாம். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்தபின், நான்கில் எது எழுந்தது, எந்தப் பேச்சில் எழுந்தது என்று ஒரு வரி. அடங்கிய நேரத்தைப் பக்கத்தில் குறிக்க வேண்டும். மனசு கொதிக்க வைத்த செய்தி வந்தால் 48 நிமிஷம் கழித்தே பதில். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். யாரேனும் ஒருவர் விஷயத்தில் பட்சம் தாண்டியும் கோடு அழியவில்லை என்றால், அவரை நல்ல வேறொரு கோச்சிடம் அனுப்பிவிட்டு, வாங்கிய முன்பணத்தில் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.