நிழலில் பூக்கும் அந்தூரியம்

பூச்செடி என்றதும் நம்மில் பலர் வெயில் விழும் முற்றத்தையே தேடுகிறோம். ரோசாவுக்கு அது சரி. ஆனால் பலா மரத்தின் கீழும், கிணற்றடியிலும், பின்சுவர் ஓரத்திலும் வெயில் எட்டாத இடம் பல வீடுகளில் வெறுமனே கிடக்கிறது. அந்த இடத்துக்கு ஏற்ற செடி அந்தூரியம். கண்டி மாவட்டத்து மலைச்சரிவில் உள்ள எங்கள் வீட்டில் இப்போது நாற்பது சாடிகள் இருக்கின்றன. உம்மா வளர்க்கிறார், நான் கூடமாட உதவுகிறேன். எனது இரசாயனவியல் வகுப்புக் கட்டணம் மாதாமாதம் இந்தச் சாடிகளிலிருந்துதான் வருகிறது. ஆகவே இச்செடியைப் பற்றி நான் கற்றவற்றைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒரு வியப்பான செய்தி. மெழுகு பூசியது போல் மினுங்கும் அந்தச் சிவப்புத் தட்டை நாம் பூ என்கிறோம். உண்மையில் அது பூவன்று. நிறம் மாறிய ஓர் இலை. தென்னம்பூவை மூடியிருக்கும் பாளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதுவும் அதைப் போன்ற ஒரு பாளைதான். அதன் நடுவே விரல் போல நீண்டு நிற்கும் கதிரில்தான் உண்மையான பூக்கள், கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவில், நெருக்கமாக அமைந்துள்ளன. அந்தூரியம் நமது சேம்பு, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேம்பை நறுக்கும்போது கை அரிப்பதற்குக் காரணமான கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் இதிலும் உண்டு. எனவே சிறு பிள்ளைகள் இலையையோ பூவையோ வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் தாயகம் தென் அமெரிக்காவின் கொலம்பியாவும் ஈக்குவடோரும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் எட்வார்ட் அந்த்ரே 1876இல் இதைக் கொலம்பியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1889இல் சாமுவேல் டேமன் என்பவர் இலண்டனிலிருந்து ஹவாய் தீவுக்குக் கொண்டுசென்றார். அங்கே அது பெரும் வணிகப் பயிராக வளர்ந்தது. தாயகக் காடுகளில் இது பெருமரங்களின் நிழலில், உக்கிய இலைக்குப்பையிலும் மரக்கிளைகளின் மீதும் வேரூன்றி வாழ்கிறது. வளர்ப்பு முறை முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கிவிடுகிறது. நிழல், ஈரக்காற்று, வேருக்குக் காற்றோட்டம் ஆகிய மூன்றையும் கொடுத்தால் செடி தானாகவே வாழும்.

வெறும் மண்ணில் நட்டால் நீர் தேங்கி வேர் அழுகும். நாங்கள் சாடியின் அடியில் உடைந்த செங்கல் துண்டுகளைப் பரப்புகிறோம். அதன் மேல் சிறிதாக வெட்டிய பொச்சுமட்டை, தும்புத்தூள், கரித்துண்டு, சிறிதளவு உக்கிய மாட்டெரு சேர்ந்த கலவையை இடுகிறோம். தும்புத்தூளில் உப்பு இருக்கலாம். அந்தூரியம் உப்பைத் தாங்காது. ஆகவே இரண்டு மூன்று தடவை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்பே அதைப் பயன்படுத்த வேண்டும். கிழக்கிலும் வடமேற்கிலும் கிணற்று நீர் உவராக இருக்கும் வீடுகளில் மழைநீரைச் சேமித்து ஊற்றுவது நல்லது. மர நிழல் இல்லாதவர்கள் நூற்றுக்கு எழுபது வீதம் வெயிலை மறைக்கும் நிழல் வலையைக் கட்டலாம். இலை வெளிறி மஞ்சளானால் வெயில் கூடிவிட்டது என்று பொருள். இலை கரும்பச்சையாக நீண்டும் பூ வராவிட்டால் நிழல் கூடிவிட்டது.

பூ எத்தனை கிடைக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வளர்ந்த செடியில் ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பூ வரும். ஆண்டில் ஆறு இலை விட்டால் ஆறு பூ. அதனால் பச்சை இலையைக் காரணமின்றி வெட்டக்கூடாது. பாளை விரிந்தவுடன் பூவைப் பறிக்கவும் கூடாது. கதிர் அடியிலிருந்து மேல்நோக்கி நிறம் மாறும். முக்கால் பங்கு மாறிய பின் வெட்டினால் நீர்ச்சாடியில் இரண்டு மூன்று வாரம் வாடாது. முந்தி வெட்டிய பூவின் காம்பு வளைந்துவிடும். கடைக்காரர் அதை வாங்கமாட்டார்.

செடியைப் பெருக்க விதை தேவையில்லை. விதையிலிருந்து பூ காண ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும். அடியில் முளைக்கும் பக்கக்கன்றை இரண்டு மூன்று வேருடன் பிரித்து நடுவதே வழி. தண்டு உயர்ந்துவிட்டால் வேர் விட்ட மேற்பகுதியை வெட்டி வேறு சாடியில் நடலாம். எஞ்சிய அடித்தண்டு மீண்டும் துளிர்க்கும்.

அந்தூரியத்தின் பெரும் எதிரி பற்றீரியாக் கருகல் நோய். 1980களில் ஹவாயின் தோட்டங்களைப் பேரழிவுக்குள்ளாக்கியது இதுதான். அதிகாலையில் இலை விளிம்பில் நீர்த்துளிகள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அத்துளிகளை வெளிவிடும் நுண்துளைகள் வழியாகவே பற்றீரியா உள்ளே நுழைகிறது. முதலில் இலையின் கீழ்ப்புறம் நீர் கசிந்தது போன்ற புள்ளிகள் தோன்றும். பிறகு அவை மஞ்சள் வளையத்துடன் கருகும். ஈரமான இலைகளைத் தொட்டுத் திரிவதும், ஒரே கத்தியால் செடிக்குச் செடி வெட்டுவதும் நோயைப் பரப்பும். நாங்கள் ஒவ்வொரு செடிக்குப் பின்னும் கத்தியைக் கொதிநீரில் அமிழ்த்துகிறோம். கடந்த ஆண்டு நான்கு செடிகளில் இந்த அடையாளம் தெரிந்தது. நான்கும் மொட்டு விட்டிருந்தன. அந்த மாதக் கட்டணத்துக்கு அவற்றைத்தான் எண்ணியிருந்தோம். உம்மா அன்றைக்கே அவற்றைப் பிடுங்கி எரித்துவிட்டார். "நாலைப் பாத்து அழுதா நாப்பதும் போயிரும் மகள்" என்றார். கட்டணம் அடுத்த மாதம்தான் கட்ட முடிந்தது. மற்றச் சாடிகள் பிழைத்துக்கொண்டன.

சாடிகளின் கீழ் நீர்த்தட்டு வைக்க வேண்டாம். வேருக்கும் அது தீங்கு. டெங்கு நுளம்புக்கும் அது வீடாகும்.

பெரிய காணியோ முதலீடோ இல்லாத வீட்டிலும் ஐந்து கன்றுகளுக்கு இடம் உண்டு. ஐந்து பெருகி ஐம்பதாகச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் ஒரு பெண் வீட்டுவாசலைத் தாண்டாமலே தன் கையால் தேடும் பணம் அது. வரும் விடுமுறையில் அயல்வீட்டாரிடம் ஒரு பக்கக்கன்று கேட்டுப் பாருங்கள். அந்தூரியம் வளர்ப்பவர்கள் கன்று கொடுக்கத் தயங்குவதில்லை.