பேரழிவுக்குப் பின் எவர் ஆட்சி? - ஒரு கணினி விளையாட்டின் முடிவுகளும் கோணமலைக் கல்வெட்டும்

கதையொன்றின் முடிவு குறித்து எழும் விவாதம் பெரும்பாலும் கதைக்கு வெளியேயுள்ள உலகைப் பற்றிய விவாதமாகவே அமைகிறது. பாண்டியன் சபையோடு சிலம்பின் கதை முடியலாகாதா, வஞ்சிக் காண்டம் வேண்டுமா எனக் கேட்பவர், அரசையும் நீதியையும் பற்றியே கேட்கின்றார். இவ்வகை விவாதம் இன்று நூலகத்தை விட்டு இளைஞரின் கணினித் திரைக்கும் சென்றுள்ளது. கணினி விளையாட்டுகளை முதலாளித்துவப் பொழுதுபோக்குச் சரக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. அவை சரக்குகள் என்பதில் ஐயமில்லை. நாவலும் திரைப்படமும் சரக்குகளாகவே பிறந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொள்வது 2010 ஒக்ரோபரில் வெளிவந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ என்னும் விளையாட்டு. இதனைச் சல்லியில் இருந்து நோக்க விரும்புகிறோம். திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்த மீனவர் கிராமம் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலால் பெயர் பெற்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட கரை இது. பேரழிவுக்குப் பின் எவர் ஆட்சி செய்வது என்ற வினா இங்கு கற்பனை வினாவன்று.

1. நான்கு தரப்புகள்

2077இல் அமெரிக்காவுக்கும் சீனாவுக்குமிடையே மூண்ட அணுப்போரில் உலகம் அழிகின்றது. கதை நிகழ்வது 2281இல், மொஹாவிப் பாலைநிலத்தில். கொலராடோ ஆற்றின் குறுக்கே 1930களில் கட்டப்பட்ட ஹூவர் அணை அழியாது நிற்கின்றது. அணையைக் கைப்பற்றுபவர் கையில் நீரும் மின்சாரமும் சேரும். ஆதலின் போட்டி அணையைச் சுற்றியே நடைபெறுகிறது. ஆடுபவர் ஏற்கும் பாத்திரமோ ஒரு சாதாரண அஞ்சற்காரர். சுடப்பட்டுப் புதைகுழியிலிருந்து மீட்கப்படும் இவர், எத்தரப்போடு சேர்கின்றாரோ அதற்கேற்பக் கதையின் முடிவு மாறும்.

முதல் தரப்பு புதிய கலிபோர்னியக் குடியரசு. தேர்தல், சட்டம், படை, வரி அனைத்தும் உடையது. பெரும் கால்நடைப் பண்ணையாளரின் செல்வாக்குக்கு உட்பட்டது. தன் ஆற்றலுக்கு மீறி விரிந்து செல்வது. பிற்றர் ஸ்பிறிங்ஸ் என்னுமிடத்தில் பெண்களையும் குழந்தைகளையும் இக்குடியரசின் படை சுட்டுக் கொன்ற வரலாறும் கதையிலுண்டு. இரண்டாவது சீசரின் படை. எண்பத்தாறு குலங்களை வென்று, அவற்றின் பெயர்களையே அழித்து, அடிமை முறையின்மீது எழுந்த அமைப்பு இது. மூன்றாவது ஹவுஸ் என்னும் தனியொரு முதலாளி. போருக்கு முன்னர் இயந்திர மனிதரைச் செய்து விற்ற அவர், இரு நூற்றாண்டுகளாகக் கருவிகளால் உயிர் காக்கப்பட்டு, அவ்வியந்திரங்களைக் கொண்டு வேகாஸ் நகரை ஆள்கின்றார். நான்காவது, எத்தரப்பையும் ஏலாது அஞ்சற்காரரே நகரைக் கைக்கொள்ளும் ‘சுதந்திர’ வழி. கேட்டதற்கெல்லாம் ‘ஆம்’ எனும் இயந்திரமொன்றே இவ்வழியின் ஒரே துணை.

2. விவாதத்தின் உள்ளடக்கம்

நான்கு முடிவுகளில் எது நன்று என இவ்விளையாட்டின் சுவைஞர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாதிடுகின்றனர். குடியரசை ஆதரிப்போர், குறைகள் இருப்பினும் சட்டத்தின் ஆட்சி அங்கேயே உண்டு என்பர். ஹவுஸை ஆதரிப்போர், ஐம்பது ஆண்டுகளில் மனிதரை மீண்டும் விண்வெளிக்கு அனுப்புவதாக அவர் கூறும் திட்டத்தைச் சுட்டுவர். சுதந்திர வழியை ஆதரிப்போர், அந்நியர் எவரும் வேண்டாம் என்பர்.

முற்போக்கு வாசகரைச் சிந்திக்க வைப்பது சீசரின் வாதம். அவன் எக்கலின் முரணியக்கத்தைக் கையாண்டு பேசுகின்றான். குடியரசு ஒரு கூற்று, தன் படை அதன் எதிர்க்கூற்று, இரண்டும் மோதிப் பிறக்கும் புதிய பேரரசே இணைவு என்பது அவன் விளக்கம். இவ்விளக்கத்தில் மயங்கியோரும் உளர். ஆயின் முரண்பாடு என்பது ஒரு சமூக அமைப்பின் உள்ளிருந்து, அதன் உற்பத்தி உறவுகளிலிருந்து எழுவது. இரு படைகள் ஓர் அணைக்காகப் பொருதுவதை முரணியக்கம் எனல், போருக்குத் தத்துவப் பெயர் சூட்டுவதேயாகும். தன் அடிமைகளை அவன் கணக்கில் எடுப்பதேயில்லை. அவ்வமைப்பின் உண்மையான எதிர்க்கூறு அவர்களல்லவா? படித்தவன் ஒருவன் தத்துவத்தை ஆட்சிக்கு அணிகலனாக்கும் முறையை ஆசிரியர்கள் நன்கு கண்டு எழுதியுள்ளனர்.

3. எழுத்தை நிரப்பும் வாசகர்

இரண்டாவது விவாதம் இக்கற்பனை உலகின் வரலாற்றைப் பற்றியது. 2024இல் இதே உலகை வைத்துத் தொலைக்காட்சித் தொடரொன்று வந்தது. அதில் ஒரு வகுப்பறைக் கரும்பலகையில் குடியரசின் பழைய தலைநகரின் ‘வீழ்ச்சி’ 2277 என்று எழுதப்பட்டிருந்தது. அதிலிருந்து ஓர் அம்புக்குறி, குண்டு வெடிப்பைக் காட்டும் சித்திரத்துக்குச் சென்றது; சித்திரத்துக்கு ஆண்டு எழுதப்படவில்லை. 2277இல் தலைநகர் அழிந்ததாயின் 2281இல் நிகழும் நியூ வேகாஸ் கதை பொய்யாகிவிடுமே எனச் சுவைஞர் கொதித்தெழுந்தனர். அக்கதைக்குப் பின்னரே குண்டு விழுந்ததென உரிமையாளர் தரப்பு விளக்கமளித்தது. எழுதப்படாத ஓர் ஆண்டை ஒவ்வொருவரும் தத்தம் சார்புக்கேற்ப நிரப்பினர்.

இவ்வியல்பு நமக்குப் புதிதன்று. திருகோணமலைக் கோட்டை வாயிலில், இணைக்கயல் பொறித்த கல்லொன்று உண்டு. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியபோது அங்கு சேர்ந்தது எனக் கருதப்படுவது. அதிலுள்ள தமிழ் எழுத்துகள் பல சிதைந்துவிட்டன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்னும் தொடக்கம் வரை பெரிதும் உடன்பாடு உண்டு. முடிவிலேதான் வேறுபாடு. மக்கள் வாய்மொழியில், பூனைக்கண்ணரும் செங்கண்ணரும் புகைக்கண்ணரும் ஆண்டு போனபின் நாடு வடுகர் வசமாகும் என முடியும். எஞ்சிய எழுத்துகளை நிரப்பிப் படித்த ஆய்வாளர் வாசிப்போ, பின்வரும் அரசர்கள் கோயிலைப் பேண எண்ணார் என்ற பொருளில் முடியும்.

வாய்மொழி முடிவு வரலாற்றோடு ஒட்டிப் படிக்கத்தக்கது. துறைமுகத்தை ஒல்லாந்தர் 1639இலும், பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் 1672இலும், ஆங்கிலேயர் 1782 ஜனவரியிலும், மீண்டும் பிரெஞ்சுக்காரர் அதே ஆண்டு ஆகஸ்டிலும், ஆங்கிலேயர் திரும்பவும் 1795இலும் கைப்பற்றினர். மூவகைக் கண்ணரும் யார் யார் என்பதில் ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு வரிசை கூறியது. வடுகர் எவர் என்பதோ தீர்ந்தபாடில்லை. கண்டியை ஆண்ட நாயக்கர் மரபு 1815இலேயே முடிந்துவிட்டது. ஆங்கிலேயக் கடற்படை இத்துறைமுகத்தை விட்டகன்றது 1957இல். ஆகவே, முடிவு இன்னும் வரவில்லை என எக்காலத்தும் சொல்லத்தக்கதாக அவ்வரி அமைந்துவிட்டது.

4. எவர் கணக்கில் வருகின்றனர்?

இவ்விரு முடிவு மரபுகளையும் ஒப்பிடுமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. கோணமலை வாக்கு ஆள்வோரை மட்டுமே வரிசைப்படுத்துகிறது. கரையோரத்தில் வலை இழுத்தவர், கோயிலுக்குத் தொண்டு செய்தவர், கோட்டைக்குக் கல் சுமந்தவர் அதில் இல்லை. விளையாட்டின் இறுதியிலோ, அணையில் எவர் கொடி ஏறியது என்பதோடு கதை நின்றுவிடுவதில்லை. படங்கள் ஒவ்வொன்றாகத் தோன்ற, சிற்றூர்களின் கதி சொல்லப்படுகிறது. குட்ஸ்பிறிங்ஸ் என்னும் குக்கிராமம், பிறிம், நொவாக், நகர வாயிலில் கிடக்கும் பிறீசைட் சேரி என ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு உண்டு. ‘சுதந்திர’ வழியைத் தெரிந்தோர் வியப்புறும் இடமும் இதுவே. ஆட்சியாளர் அனைவரும் விரட்டப்பட்டபின், ஏழைகளுக்கு மருத்துவம் செய்துவந்த சிறு குழுவினர், குழப்பத்தில் வந்து குவியும் நோயாளரைத் தாங்கமாட்டாது திணறுகின்றனர். அதிகாரத்தை ஒழித்தல் வேறு, மக்கள் அமைப்புகளைக் கட்டுதல் வேறு என்னும் பாடம் இதில் உண்டு.

நம் கரைக்கு மீள்வோம். ஆழிப்பேரலைக்குப் பின் அரசு, கட்டடம் எழுப்பத் தடைசெய்த வலயத்தை வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றர் எனவும் தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றர் எனவும் வரைந்தது. இக்கோடு பின்னர் திருத்தப்பட்டது. நிவாரணத்தைப் பகிர்தற்கு அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் செய்துகொண்ட உடன்படிக்கையின் முக்கிய கூறுகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. எத்தரப்பு வென்றது, எத்தரப்பு தோற்றது என்று நாளிதழ்கள் எழுதின. தோணியைக் கரையேற்றும் இடத்துக்கு அண்மையில் வீடு கட்டலாமா என்பதே மீனவர் வினா. கடலை விட்டு விலகிய வீடு அவர் தொழிலுக்கு ஒவ்வாது. தரப்புகளின் வரலாற்றில் இவ்வினாவுக்கு இடம் குறைவு.

எனினும் கல்வெட்டின் மற்றைய வாசிப்பு நமக்கு ஒரு செய்தியை விட்டுச் சென்றுள்ளது. பின்னரசர் பேணார் என்று அது கூறியது. அரசர் பேணவில்லை என்பது உண்மையே. ஆனால் 1950இல் மண்ணிலிருந்து மீண்ட திருவுருவங்களை ஊர்மக்கள் போற்றினர். பொதுமக்களின் முயற்சியால் எழுந்த கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. முன்னுரைத்தவர் அரசரை மட்டுமே கண்டார். மக்கள் அவர் கணக்கில் வரவில்லை.

ஆகவே, நியூ வேகாஸ் முடிவுகளில் எது நன்று என வாதிடும் நம் மாணவருக்கு நாம் கூறக்கூடியது ஒன்றே. அணையின்மீது பறக்கும் கொடியை வைத்து முடிவை அளவிடாதீர்கள். இறுதிப் படங்களில் சிற்றூர்களின் கதியைப் படித்து, பின்னர் தீர்ப்பளியுங்கள். அதே அளவுகோலைத் திருகோணமலையின் வரலாற்றுக்கும் கொண்டு வாருங்கள். துறைமுகத்தை ஆண்டோரின் பட்டியல் நம்மிடம் முழுமையாக உண்டு. சல்லியின் வரலாறு இனித்தான் எழுதப்பட வேண்டும்.